கத்தி படாத கேக்

பருவக்காரர்கள் என்றோர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. ஊருக்கு ஒருவராவது இருப்பார். ஒஸ்லோவில் தெருவுக்கு இருவர். இவர்களை அடையாளம் காண்பது மிகச் சுலபம். ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில், சனங்கள் இன்னும் அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு திரியும்போது, எந்த வீட்டு வாசலில் கம்பளிப் போர்வை போட்ட கதிரையும் ஊதாப் பூச்செடியும் மெழுகுதிரி விளக்கும் ஒரே நாளில் முளைக்கின்றனவோ, அந்த வீட்டுக்குள் ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நோர்வே நாட்டுக்கு நாலு பருவம் போதும். இவர்களுக்குப் போதாது. கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் நடுவிலே பிற்கோடை என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கென்று தனிக் குஷன் உறை, தனி மேசைவிரிப்பு, தனிக் கேக் எல்லாம் வைத்திருப்பார்கள்.

உதாரணத்துக்கு நிலூஜாவை எடுத்துக்கொள்வோம். ஒஸ்லோவின் ஓரத்தில் மோர்டென்ஸ்ருட்டில் காட்டை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்தவள், மருந்தகத்தில் வேலை. கணவன் கிளின்ரன் பஸ் சாரதி. மகள் வர்சாவுக்கு எட்டு வயது. நிலூஜா நல்லவள். யார் வீட்டில் சாவென்றாலும் பிள்ளைப்பேறென்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். ஒரேயொரு சங்கடம்தான். அவள் வீட்டில் எந்தப் பண்டத்தையும் படம் எடுக்காமல் வாயில் வைக்க முடியாது.

அவள் கேக் சுடும் முறையைக் கேளுங்கள். முட்டையை அடிப்பதற்கு முன்னால் குசினி யன்னலைத் துடைப்பாள். ஏன்? வெளிச்சம் வரவேண்டும். பிறகு மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, கடுகுமஞ்சள் விரிப்பைப் போட்டு, அது தற்செயலாகக் கசங்கியதுபோல் தெரியும்வரை கையால் கசக்கி, மரக்கரண்டி ஒன்றைச் சரித்து வைத்து, அதன் பக்கத்தில் கொஞ்சம் மாவைச் சிந்தி, சிந்திய மாவு சிந்தியதுபோல் இல்லையென்று துடைத்துவிட்டு மறுபடி சிந்தி, நாலு புளூபெரிப் பழங்களை உருட்டிவிட்டு, அவை உருண்டு நின்ற இடம் பிடிக்காமல் சாமணத்தால் எடுத்து இடம் மாற்றுவாள். இவ்வளவுக்கும் கேக் இன்னும் ஓவனுக்குள் போகவில்லை.

சரி, போய் வெந்து வெளியே வந்துவிட்டது, வீடெல்லாம் ஏலக்காயும் வெண்ணெயும் மணக்கிறது, இனிச் சாப்பிடலாம் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஆறவேண்டும், கிறீம் பூசவேண்டும், பழம் அடுக்கவேண்டும், பிறகு சூரியன் எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி யன்னலுக்கு வரவேண்டும். ஒஸ்லோச் சூரியனை நம்பிக் கேக்கோடு காத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? வரும் என்று முகத்தைக் காட்டும். பிறகு முகிலுக்குள் போய்ப் படுத்துவிடும்.

"அம்மா, ஃபேர்டியா?" என்று வர்சா கேட்பாள். முடிந்துவிட்டதா என்பதை நோர்வேஜியப் பாஷையில் தொடங்கித் தமிழில் முடிக்கும் பழக்கம் அவளுக்கு.

"இன்னும் இல்லை. முகில் போகட்டும்."

"அது போகாது நிலூ," என்பான் கிளின்ரன். "நான் காலமை ரேடியோவிலை கேட்டனான்."

"போகும். நீங்கள் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இருங்கோ."

சுவெற்றரும் உண்டு. பிற்கோடைப் படத்தில் குடும்பமும் பிற்கோடையாக இருக்கவேண்டும் அல்லவா? இருபத்தைந்து பாகை வெயிலில், கடுகுமஞ்சள் கம்பளிச் சுவெற்றருக்குள் வியர்த்து வழிந்தபடி, குளிருக்கு இதமாகக் கோப்பி குடிப்பவன்போல் கப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருப்பான் அந்த மனிதன். கப்புக்குள் தண்ணீர்.

வீட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. விருந்தாளிகளுக்கும் இதே சட்டம்தான். வர்சாவின் பிறந்தநாளுக்கு வந்த அவ்வளவு பேரும் வெறும் தட்டோடு சுவரோரமாக நின்று முகில் விலகும்வரை காத்திருந்தார்கள். யாராவது மேசைப் பக்கம் கையை நீட்டினால் "தொடாதேங்கோ, இன்னும் படம் எடுக்கேல்லை" என்ற குரல் வரும். ஒஸ்லோத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டன. நிலூஜாவின் கேக்கைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பழக்கம் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட வந்துவிட்டது.

இதன் பலன் போன வருடம் தெரிந்தது. ஓகஸ்ட் கடைசி ஞாயிறு மாலைப் பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கேக் மேசை வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் சுட்டுக்கொண்டு வரும். நிலூஜாவின் பிளம் கேக் போனபடியே முழுதாகத் திரும்பியது. பக்கத்தில் ட்ராம் சாரதி லூர்துவின் வாழைப்பழக் கேக் இருந்தது. நடுவில் குழி, அடியில் கருகல், ஒரு பக்கம் சரிவு. அது பத்து நிமிடத்தில் துடைத்துப்போட்டதுபோல் ஆனது. மேசை ஒழுங்குக்குப் பொறுப்பான அருட்செல்வம், கோட்டு மாட்டும் இடத்தில் நின்று யாரிடமோ சொன்னார்: "நிலூஜாவின்ரை கேக் பாக்கிறதுக்கு. தின்னுறதெண்டால் லூர்துவின்ரை." கோட்டுகளுக்கு மறுபக்கம் நிலூஜா நின்றாள்.

அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதாள். இணையத்தில் அவள் போட்ட கேக் படத்தின் கீழே முன்னூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள், ஒருவர்கூட ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. அடுத்த வருடம் தட்டு வெறுமையாகத்தான் திரும்பும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். நியாயமான முடிவு. ஆனால் அதற்கு அவள் என்ன வழி கண்டாள் தெரியுமா? கேக்கை இன்னும் வடிவாகச் செய்வது.

ஆகவே இந்த ஓகஸ்டில் குடும்பம் காட்டுக்குள் இறங்கியது. வாளி நிறையப் புளூபெரி பிடுங்கினார்கள், ஒரே அளவுப் பழங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள், கடைப் பழம்போல் அல்லாமல் காட்டுப் பழத்தின் சாறு வாயெல்லாம் நீலமாக்கும் என்பதால் பிடுங்கும்போது தின்ற வர்சாவைப் படத்துக்குள் நிற்காமல் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மூன்றடுக்குக் கேக், அடுக்குகளுக்கிடையே கிறீம், மேலே வட்டத்துக்குள் வட்டமாகப் பழங்கள், நடுவில் காட்டுப் பூ. உண்மையைச் சொன்னால், பார்த்தவுடன் மூச்சு நின்றுபோகும் அழகு.

அதைக் கொண்டுபோன பவிசை என்ன சொல்ல. கேக் காரின் முன் கதிரையில், இருக்கைப் பட்டி கட்டி. பெற்ற பிள்ளையும் பெற்றவளும் பின்னால். வேகத்தைக் குறைக்க வீதியில் போட்டிருக்கும் மேடு ஒவ்வொன்றிலும் கிளின்ரன், திருவிழாவில் மாதா சொரூபத்தைத் தூக்கிப் போவதுபோல், ஏற்றி இறக்கினான். அவனுடைய பஸ்ஸில் போகும் பயணிகளுக்கு இந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மண்டபத்தில் கேக்கை வைத்துவிட்டு நிலூஜா சற்றுத் தள்ளிப் போய் நின்றாள். கேக்கைப் பார்க்கவில்லை, சனங்களின் வாயைத்தான் பார்த்தாள். சாப்பிட்டவர்களின் நாக்கு நீலமாகத்தானே வேண்டும்? யாராவது சிரித்தால் எட்டிப் பார்த்தாள், கதைத்தால் உற்றுப் பார்த்தாள், கொட்டாவி விட்டவர்களுக்கு முன்னால் போயே நின்றாள். மண்டபம் முழுக்கத் தேடியும் ஒரு நாக்குக்கூட நிறம் மாறவில்லை.

ஒரு சின்னப் பொடியன் கேக்கை நோக்கி விரலை நீட்டினான். தாய் எட்டிப் பிடித்தாள். "தொடாதை. நிலூஜா அக்கா படம் எடுக்கேல்லை."

"எடுத்தாச்சு," என்றாள் நிலூஜா ஓடிவந்து. "தம்பி சாப்பிடட்டும், வெட்டுங்கோ."

"பரவாயில்லையம்மா. பிறகு வேறை பக்கத்தாலையும் எடுப்பீர்."

"இல்லை, எல்லாம் எடுத்து முடிஞ்சுது."

"அப்ப ஆரும் முதல்லை வெட்டட்டும். நான் குழப்பிப் போட்டனெண்டு வரக்கூடாது."

ஆரும் என்றால் யார்? கேக்கைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். நீங்கள் வெட்டுங்கோ, இல்லை நீங்கள் வெட்டுங்கோ என்று கத்தி ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்தது. சுவாமியார் வந்தார். அவர் கத்தியை வாங்கினார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "இதைக் குழப்பினால் பாவம், பிள்ளை" என்று சொல்லிக் கத்தியை வைத்துவிட்டு, பக்கத்தில் லூர்துவின் கேக்கில் இரண்டு துண்டு எடுத்தார்.

"இந்த முறையும் அடியிலை பிடிச்சுப் போட்டுது சுவாமி," என்றார் லூர்து பெருமையோடு. "அதுதான் ருசி."

இனிப் பொறுப்பதில்லை என்று நிலூஜா முடிவெடுத்தாள். தானே வெட்டுவாள். கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அதைக் கண்டதும், நம்புங்கள், மூன்று பேர் வெறும் தட்டோடு அவளை நோக்கி வந்தார்கள். அதில் ஒருவர் அருட்செல்வம். "அப்பாடா, வெட்டப் போறீரே பிள்ளை? போன வருசமும் ஆசைப்பட்டு நிண்டனான்," என்று தட்டை நீட்டினார்.

கத்தி கேக்கிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து, நாள் முழுக்க எங்கோ கிடந்த சூரியன் மண்டபத்து மேல் யன்னலால் இறங்கி, வேறெங்கும் விழாமல், நேரே கேக்கின் மேல் விழுந்தது. ஒவ்வொரு பழமும் பளபளத்தது. கிறீமில் பொன் பூசியதுபோல் ஒரு நிறம் வந்தது. பாவி, அவள் என்ன செய்வாள்?

"ஒரு நிமிசம் அங்கிள்," என்றாள். கத்தியை வைத்தாள். போனை எடுத்தாள்.

மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, குந்தியிருந்து ஒன்று, அருட்செல்வத்தின் நிழல் விழுகிறதென்று அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி ஒன்று. அவள் நிமிர்ந்தபோது மூன்று தட்டும் லூர்துவின் கேக் பக்கம் போயிருந்தன. அங்கே கடைசித் துண்டை அருட்செல்வம் வழித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது முன் கதிரையில் நிலூஜாவே இருந்தாள். கேக்குக்குப் பட்டி கட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அது பின்னால் வர்சாவின் மடியில் இருந்தது. கிளின்ரன் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான், ரோட்டைப் பார்த்தானே தவிர மேட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒரு வளைவு இருக்கும்போது கார் ஏறிக் குதித்தது. பின்னாலிருந்து 'பொத்' என்று ஒரு சத்தம் வந்தது.

காரை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றடுக்கும் ஒன்றாகி, கிறீமும் பழமும் பூவும் குழைந்து, பாதி தட்டிலும் பாதி வர்சாவின் சட்டையிலும் கிடந்தன. வர்சா அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அம்மா, இப்ப ஃபேர்டியா?"

பிள்ளை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தது. கண் விரிந்தது. கிளின்ரன் கையை நீட்டி ஒரு பிடி எடுத்தான். இன்னொரு பிடி எடுத்தான். அவனைப் பார்த்து நிலூஜாவும் எடுத்தாள். ஏலக்காய், வெண்ணெய், காட்டுப் பழத்தின் புளிப்பு. நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததை இத்தனை நாளும் அவளே அறியாமல் இருந்திருக்கிறாள்.

"என்னப்பா ருசி," என்றான் கிளின்ரன் வாய் நிறைய. "ஓவனாலை எடுத்தவுடனை இது எப்பிடி இருந்திருக்கும், நிலூ?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூன்று பேரும் வீதியோரத்தில் கார்க் கதவுகளைத் திறந்துபோட்டுக்கொண்டு வழித்து வழித்துத் தின்றார்கள். மூன்று நாக்கும் நீலமாயின. கடைசியில் வர்சா தட்டைத் தூக்கி நக்கினாள். தட்டு வெறுமையாகிவிட்டது. ஒரு வருடமாக நிலூஜா நினைத்தது நடந்துவிட்டது.

அப்போது மாலை வெயில் கார்க் கண்ணாடியால் உள்ளே வந்தது. வழித்த தட்டில் நீலக் கோடுகள், வர்சாவின் நாக்குக்குத் தப்பி விளிம்பில் ஒற்றைப் பழம், பின்னணியில் வர்சாவின் நீல வாய்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ," என்றாள் நிலூஜா.

அந்தப் படத்தில் கிளின்ரன் வாயைத் துடைக்கக் கையை உயர்த்தியபடி உறைந்து நிற்பதைக் காணலாம். விளிம்பிலிருந்த அந்தப் பழம் மற்றப் பக்கத்தில் இருந்தால் எடுப்பாக இருக்குமென்று இரண்டு தடவை இடம் மாறியது என்பது படத்தில் தெரியாது. 'எங்கள் வீட்டில் கேக் மிஞ்சுவதேயில்லை' என்று கீழே எழுதியிருந்தாள். அருட்செல்வம்தான் முதல் இதயம் போட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். உங்கள் வீட்டில் அப்படியொருவரும் இல்லை, நீங்கள் சுடச்சுடச் சாப்பிடுகிறவர், எனக்குத் தெரியும். போன ஞாயிறு புட்டு ஆறிப்போனதுகூட வேறேதோ காரணமாகத்தான் இருக்கும். இதை வாசிக்கும்போது பக்கத்தில் தேநீர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? ஆவி பறக்கிறதா, ஆறிவிட்டதா? கப்பின் கைப்பிடி யன்னல் பக்கம் பார்க்கிறதே, நீங்கள் வைத்தபோது அது அந்தப் பக்கமா இருந்தது?