பருந்து குடையோடு வந்தது

ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எதையும் அரைகுறையாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பார்கள். முழுதாகச் சொல்லிக் கொடுப்பது அதைவிட ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட சின்னத் தமிழ்ப் பள்ளி. அங்கே நான் தற்காலிக ஆசிரியை. பள்ளிப் படிப்பை முடித்த சூடு ஆறாத வயது. என் உடம்பில் சும்மா இருக்கத் தெரிந்த உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. நின்றால் கால் ஆடும். உட்கார்ந்தால் கை போய் வளையலை உருட்டும். "இவள டீச்சரா போட்டவங்களுக்குக் கோயில் கட்டணும்," என்பார் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் அப்பா. (பாராட்டு இல்லை.)

கல்வி அதிகாரி ஒருவர் என் வகுப்பைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவருக்குத் திருப்தி என்றால் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ மலாயாவில், ஈப்போவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அமைதியான பெண்தான் வேண்டும் என்றாராம். (பாவம் மனுஷன்.)

அந்த மாதப் பாடம், விலங்குகளின் ஒலி. நாய் குரைக்கும், யானை பிளிறும், குதிரை கனைக்கும் என்று நான் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, தகரக் கூரைக்குக் கீழே எல்லோருக்கும் தூக்கத்தில் கண் சொக்கியது. அப்போது முதல் பெஞ்சு மல்லிகா எழுந்து, "டீச்சர், கோழி கொக்கரிக்கும் சரி. என்னான்னு சொல்லிக் கொக்கரிக்கும்?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கோழி வளர்த்தார். வீட்டில் கால் தரிக்காமல் கொல்லைக்கும் வாசலுக்கும் அலைகிறவளுக்குக் கோழிகளோடு பழக்கம் இருக்காதா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கொக், கொக், கொக்" என்று தாய்க்கோழி அடுக்கினால் தீனி கிடைத்திருக்கிறது, வாங்க என்று பொருள். "கிர்ர்ர்" என்று இழுத்தால் மேலே பருந்து வட்டமிடுகிறது, ஒளிஞ்சுக்கோங்க என்று பொருள். அம்மா மறுபடி கூப்பிடும்வரை குஞ்சுகள் வெளியே வராது.

சொன்னதோடு விட்டேனா? விளையாட்டாகவே ஆக்கிவிட்டேன். நான் கோழி, வகுப்பு முழுக்கக் குஞ்சுகள். நான் "கிர்ர்ர்" என்றால் எல்லோரும் பெஞ்சுக்கு அடியில். "கொக், கொக்" என்றால் ஓடி வந்து கையை நீட்ட வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் வறுத்த கடலை. அப்புறம் பூனை ஏன் சீறும், நாய் ஏன் முனகும் என்று பாடம் வளர்ந்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்கு அர்த்தம் தேடுகிற நிலைக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நான் உலகத்தையே திருத்திவிட்ட பெருமையில் திரிந்தேன்.

அதிகாரி வருகிற நாளில் நல்ல மழை. சொன்ன நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். நான் கதவுக்குப் போனேன், மேசைக்கு வந்தேன், துடைத்த கரும்பலகையையே துடைத்தேன், மறுபடி கதவுக்குப் போனேன். என்னைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளும் நெளிய ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குத் தண்ணீர் வேண்டும், ஒருவனுக்கு ஒன்றுக்குப் போக வேண்டும். கடைசியில், தேதியையாவது அழகாக எழுதலாம் என்று பலகைப் பக்கம் திரும்பினேன்.

சரியாக அப்போது தலைமையாசிரியரோடு வாசலுக்கு வந்தார் அதிகாரி. ஒல்லியான மனிதர், வளைந்த மூக்கு. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. தண்ணீர் உதிரட்டும் என்று அதைப் பாதி மடக்கி, வாசலில் நின்றபடியே படபடவென்று அடித்தார்.

"கிர்ர்ர்," என்றது மல்லிகாவின் குரல்.

நான் திரும்பினேன். பெஞ்சுகள் மேல் சிலேட்டுகள் இருந்தன, பைகள் இருந்தன. பிள்ளைகள் இல்லை.

"பிள்ளைங்க எங்க?" என்றார் அதிகாரி.

"இப்ப இங்கதான் இருந்தாங்க சார்," என்றேன். (காணாமல் போன குடையைப் பற்றிச் சொல்வதுபோல.)

தலைமையாசிரியர் செருமினார். குனிந்து, "டேய் கோவிந்தா, வெளிய வாடா," என்றார். வெளியே தெரிந்த இரண்டு கால்கள் மெல்ல உள்ளே போயின.

"எல்லாரும் வந்து உக்காருங்க," என்றேன் நான்.

அடியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. "வராதீங்க. அம்மா இன்னும் கூப்பிடல."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். ஈப்போவை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடி, "கொக்" என்றேன். ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தி, "கொக், கொக், கொக், கொக்," என்றேன்.

பொலபொலவென்று வந்தார்கள். என்னைச் சூழ்ந்து உள்ளங்கைகளை நீட்டினார்கள். "டீச்சர், கடலை?" அன்றைக்குப் பார்த்துக் கடலை வாங்கவில்லை.

அதிகாரி மல்லிகாவிடம் குனிந்தார். "ஏம்மா ஒளிஞ்சீங்க?"

கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னாள்: "கிர்ர்னு சொன்னா பருந்து வருதுன்னு அர்த்தம் சார்."

"பருந்து எங்க?"

"நீங்கதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. கோவிந்தன் பக்கம் திரும்பி, "வேற எந்தச் சத்தத்துக்கெல்லாம் அர்த்தம் தெரியும்?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. பூனையைச் சொல்வான், நாயைச் சொல்வான், தப்பித்தேன்.

"பெரிய சார் செருமினா யாருக்கோ அடி விழப் போவுதுன்னு அர்த்தம் சார்."

பாதிச் செருமலில் இருந்த தலைமையாசிரியர் மீதியை அப்படியே விழுங்கினார்.

பின் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி கை தூக்கினாள். "சார், டீச்சர் வளையல் சத்தம் கேட்டா, டீச்சருக்கு வீட்டுக்குப் போவணும்னு அர்த்தம்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. மழைகூட விட்டிருந்தது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன். என் கைதான். ஒரு கையால் மறு கையை இறுக்கிப் பிடித்தேன்.

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். குடையை விரியாமல் கவனமாக எடுத்துக்கொண்டு வெளியேறினார். தலைமையாசிரியர் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னார் சார்?"

"இந்தப் பொண்ணுக்குப் பயிற்சி ரொம்ப அவசியம், ஒடனே அனுப்பிடுங்கன்னு சொன்னார்."

அது பாராட்டா தண்டனையா என்று இருவருக்கும் விளங்கவில்லை. "சிரிச்சாரா சார்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "படி எறங்கும்போது முதுகு குலுங்குச்சு. இருமலாவும் இருக்கலாம்."

எப்படியோ பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அப்பா இந்தக் கதையைப் போன இடமெல்லாம் சொல்ல, அது என்னை முந்திக்கொண்டு ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மறுபேச்சு வரவில்லை. பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இதைச் சொன்னேன். மனிதர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு முறுக்கு இல்லாமல் போகலாம், இந்தக் கதை இல்லாமல் போகாது. சொல்லச் சொல்ல அந்த அதிகாரியின் மூக்கு நீண்டுகொண்டே வருகிறது. போன தீபாவளிக்கு ஆங் மோ கியோவில் மகன் வீட்டில் கூடியிருந்தோம். அவனோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்புறம் அந்தப் பருந்து யாரையாச்சும் தூக்கிட்டுப் போச்சா ஆன்ட்டி?"

நான் வாய் திறப்பதற்குள் மகன் சொன்னான்: "அம்மாவத்தான் லா. தூக்கிட்டுப் போயி அப்பா பக்கத்துல போட்டுருச்சு."