மலாயா நர்ஸம்மாவின் மஞ்சள் புத்தகம்

ரப்பர் ஸ்டாம்பை மிரட்டி வேலை வாங்கிய பெண்மணி இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் ஊரில் அவரை மலாயா நர்ஸம்மா என்பார்கள். அவருடைய சொந்தப் பெயரை ஆபீஸ் ரிஜிஸ்தரில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் மலாயா நர்ஸம்மா என்றால்தான் ஆள் கண்முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

ஐம்பதுகளின் கடைசி அது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் ஒரு சின்ன ஊரின் சுகாதார ஆபீசில் நான் குமாஸ்தா. ஊர்ப்பெயர் வேண்டாம். எங்கள் ஆபீசரின் பேரன் பேத்திகள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள்.

நர்ஸம்மாவுக்குப் பினாங்குப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை. புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகள் அங்கேயே கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் மாதா கோவில் தெருவிலுள்ள அண்ணன் வீட்டுக்கு வருவார். திரும்பிக் கப்பலேற வேண்டுமானால் அம்மை குத்திக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும். மஞ்சள் அட்டை போட்ட சின்னப் புத்தகம். அதில் அரசாங்க டாக்டர், எங்கள் ஊரில் அது ஆபீசர்தான், கைப்படக் கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரை விழ வேண்டும்.

எங்கள் முத்திரை வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. குத்தினால் நசுங்கிய கத்தரிக்காய் மாதிரி ஊதாவாக ஏதோ விழும். அந்தக் கத்தரிக்காயைப் பினாங்குத் துறைமுக டாக்டரால் படிக்க முடியவில்லை. நர்ஸம்மாவை, தொற்றுநோய்க்காரர்களை ஒதுக்கிவைக்கிற தீவில் கொண்டுபோய்ப் பத்து நாள் அடைத்துவிட்டார். அடுத்த லீவில் வந்தவர், பெட்டியை அண்ணன் வீட்டில் இறக்கின கையோடு எங்கள் ஆபீசுக்குத்தான் வந்தார்.

“ஆரு தம்பி இங்க சீல் வெக்கறது?”

“நான்தானுங்க.”

“உன்னால பத்து நாளு தீவுல கெடந்தேன். கேபின்ல வந்த தொரைமாரெல்லாம் சிகரெட்டு ஊதிக்கிட்டு எறங்கிப் போயிட்டானுங்க. டெக்குல வந்த எங்களை மட்டும் மந்தையாட்டம் ஓட்டிட்டுப் போயி மருந்துத் தண்ணியில குளிப்பாட்டினானுங்க. அம்மை என்ன, டிக்கெட்டைப் பாத்துட்டா ஆளு மேல ஏறுது?”

பையிலிருந்து சொந்த மைப்பெட்டியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். பழைய தாள்களில் என்னைக் குத்திக் காட்டச் சொன்னார். “இது தெரியலை. இன்னொண்ணு. இதுல பாதி எழுத்தைக் காணோம். இன்னொண்ணு.” அரைமணி நேரம் குத்தினேன். சத்தம் கேட்டு ஆபீசர் வெளியே வந்து, “என்னய்யா, கட்டடத்தை இடிக்கிறீங்களா?” என்றார்.

“இல்லீங்க, உங்க சீலுக்குக் கொஞ்சம் மரியாதை தேடிக் குடுக்கறமுங்க” என்றார் நர்ஸம்மா. ஆபீசர் வந்த வழியே உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே அம்மையும் குத்திக்கொண்டிருக்கலாம். நர்ஸம்மாவின் கணக்கு வேறு. ஒரு குத்து மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். இப்போதே குத்தினால் அடுத்த லீவுக்குள் காலாவதியாகிவிடும். கப்பலுக்கு முந்தின வாரம் குத்தினால் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டுக்கும் ஆகும். “ஒரே குத்துல ரெண்டு கடல் தாண்டோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுவில் அவருக்குக் கடுங்காய்ச்சல். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரர் என்று சொல்லித் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். அந்த வரிசையில் டாக்டரே கிடையாது. தோட்டத்துக் கம்பெனிக்குத் தந்தி அடித்தார். தோட்டத்து எல்லைக்குள் வந்த நோய்க்குத்தான் நாங்கள் பொறுப்பு என்று பதில் வந்தது. நர்ஸம்மா போர்வையோடு போய் ஆஸ்பத்திரி வாசற்படியிலேயே படுத்துக்கொண்டார்.

“அங்க போனா இந்தியாக்காரிங்கறான். இங்க வந்தா மலாயாக்காரிங்கறீங்க. காய்ச்சலோட நான் நடுக்கடல்லயா போயி நிக்கறது? பாக்கற டாக்டரு இந்தப் படியைத் தாண்டித்தானே ஊட்டுக்குப் போவாரு, போகட்டும்” என்றார். டாக்டர் தாண்டவில்லை. படியிலேயே குந்தி நாடி பார்த்து மருந்தெழுதினார்.

ஆடி பிறந்தது. கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது நர்ஸம்மா வந்து ஜாக்கெட் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் வாக்சினேட்டர் பழனியப்பன், அதாவது ஊருக்கெல்லாம் அம்மை குத்துகிறவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மாரியம்மன் திருவிழாவான நோன்பிக்காக முந்தின நாள்தான் காப்புக் கட்டியிருந்தார்.

“ஏனுங்க நர்ஸம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஆத்தா குடுக்கற முத்து அது. காப்பைக் கட்டிக்கிட்டு அவ மாசத்துலயே ஊசியெடுத்து ஒருத்தரைக் குத்தி ரத்தம் பாக்க எனக்குக் கை வராதுங்க. பதினஞ்சு நாளு பொறுங்க.”

பதினைந்து நாள் பொறுத்தால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பலுக்குள் மலாயாவுக்குத் திரும்பி நுழைகிற அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிடும். வேலை போகும் என்பதைக்கூட நர்ஸம்மா பொருட்படுத்தவில்லை. “எம்புள்ளைக்குப் பத்து வயசு. அம்மா இந்தக் கப்பல்ல வாரேன்னு எழுதிப் போட்டிருக்கேன். தொறமுகத்துல வந்து நிக்கும். நான் எறங்காம கப்பல் திரும்புனா அது என்ன சாமி பண்ணும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உடனே மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார்.

“அண்ணா, உங்க காப்பை அவுக்க வேண்டாம். ஆத்தாளுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லீங்க. மருந்துப் பொட்டிச் சாவி எங்க?”

பழனியப்பன் கூரையைப் பார்த்தார். மடியிலிருந்த சாவி கீழே விழுந்தது. “தானா உழுந்துச்சுங்க” என்று என்னிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸம்மா பெட்டியைத் திறந்தார். இடது கையில் மருந்துத் துளியை வைத்தார். முள் பதித்த வட்டத் தகட்டை வலது கையால் எடுத்து, அதன்மேல் அழுத்தி ஒரு திருகு திருகினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பார்த்த எனக்குத்தான் கண் இருட்டியது.

ஆபீசர் கையெழுத்துப் போட மறுத்தார். “தனக்குத்தானே குத்திக்கிட்டா அதுக்கு ரூல் கிடையாதும்மா.”

“குத்திக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்களா? காட்டுங்க.”

ரூல் புத்தகம் பூராவும் என்னைத் தேடச் சொன்னார் ஆபீசர். கையெழுத்து டாக்டருடையதாக இருக்க வேண்டும், முத்திரை தெளிவாக இருக்க வேண்டும் என்றிருந்தது. ஊசியைப் பிடிக்கிற கை யாருடையது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உரக்கப் படித்தேன். ஆபீசர் என்னை முறைத்தார். என் பதவி உயர்வு அன்றைக்கே செத்துப்போனது, இருந்தாலும் இன்னொரு முறை படித்தேன்.

“நீங்க இதுவரைக்கும் எத்தனை புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டிருப்பீங்க?” என்றார் நர்ஸம்மா. “அதுல ஒண்ணாச்சும் உங்க கையால குத்துனதுங்களா?”

ஆபீசருக்குக் கோபம் வந்து, டூர் போகிறேன் என்று ஜீப்பைப் பார்க்க நடந்தார். போக முடியவில்லை. விஷயம் அதற்குள் தெருவுக்குப் போயிருந்தது. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகத் தண்ணீர்க் குடம் எடுத்துவந்த பெண்கள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். வருஷம் முழுக்க அம்மை குத்த வருகிறோம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுகிற அதே பெண்கள்.

“ஏனுங்க சாமி, குத்துனதுக்குக் கையெழுத்துப் போடறதுக்கென்னங்க?” என்றாள் ஒருத்தி. “அங்க ஒரு புள்ளை தனியா நிக்குதாமுங்க. ஆத்தாளே போடச் சொல்லுவா.”

மாரியம்மன் பக்தர்கள் சேர்ந்து அம்மை குத்தினதற்கு ஆதரவாகக் கோஷம் போட்டது என் சர்வீசில் அந்த ஒரு நாள்தான். ஆபீசர் பேனாவைத் திறந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முத்திரை குத்தினேன். எழுத்தெல்லாம் அச்சடித்த மாதிரி விழுந்தது. நர்ஸம்மா அதை ஊதி ஊதி உலர்த்தினார்.

பிறகு என்னைப் பார்த்தார். “உன் கையைக் காட்டு.”

நான் பின்வாங்கினேன். சுகாதார ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அம்மைத் தழும்பே கிடையாது. வேலையில் சேரும்போது எனக்கு வேண்டிய அத்தாட்சியை நானே எழுதி, நானே முத்திரை குத்திக்கொண்டவன்.

“அடப்பாவி! ஊருக்கெல்லாம் சீல் வெச்சுட்டு நீ மொட்டைக் கையோட திரியறியா? அம்மை வந்தா உன்னை ஆரு பாப்பா?” சட்டைக் கையை மடித்துப் பிடித்தார். நான் போட்ட கூச்சல் ஜீப் வரைக்கும் கேட்டதாம். பழனியப்பன் அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆபீஸ் விலாசத்துக்கு, என் பெயருக்கு, குழந்தைக் கையெழுத்தில். “அம்மா முதல் ஆளாக இறங்கி வந்தார்கள். துறைமுக டாக்டர் உங்கள் முத்திரையைச் சத்தமாகப் படித்தார். உங்களுக்குக் குத்தின இடம் பழுத்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.”

பழுத்தது, குத்தினது பலித்துவிட்டது என்று பதில் போட்டேன். இவ்வளவு வருஷமாகியும் குளிக்கும்போது அந்தத் தழும்பில் மட்டும் அழுத்தித் தேய்க்க எனக்கு மனசு வருவதில்லை.