மூணு மரியே காயணும்

“…வாயத் தொறந்தா டயரும் வாயத் தொறந்துக்கும், நைனா. கம்முனு கெட!”

டோல்கேட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த சொல்யூஷன் மாமுவிடம் இந்த அதட்டு வாங்காத மனிதர் வடசென்னையில் பிறக்கவே இல்லை. கான்ஸ்டபிளானாலும் சரி, பங்குச் சாமியாரானாலும் சரி, பஞ்சர் ஒட்ட வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவருடைய நிஜப் பெயர் மாதாவுக்கு மட்டுமே தெரியும்.

கடையில் கடிகாரம் கிடையாது. சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையைத் தடவிவிட்டு, அது காய்வதற்கு மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்வார். பிறகுதான் ஒட்டுவார். நடுவில் யாராவது தும்மினால்கூட எண்ணிக்கை தவறிப்போகும். பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை லாரி ஹாரன் தொல்லையில் என் ஒரே பஞ்சருக்கு இருபத்தேழு மரியே ஆயிற்று. “இனிமே உன் சைக்கிளு நேரா மோட்சத்துக்கே பூடும்” என்றார்.

“ஈரத்துல ஒட்னா மூணு நாள் சொந்தம், காஞ்சி ஒட்னா மூணு தலமொற சொந்தம்.” இது மாமுவின் வேதம்.

எழுபதுகளின் கடைசி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் தோஸ்து தேவசகாயம், ஒரு ஜப்பான் கப்பல் எஞ்சினியரின் மரப்பெட்டியை முட்டை இறக்குவதுபோல இறக்கிவிட்டான். அவர் உருகிப்போய், ரேடியோவில் ஓடும் குட்டிக் கார் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கையிலிருக்கும் டப்பாவைத் திருகினால் தூரத்தில் கார் பறக்கும். அதே மாதிரி அவரிடமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் பந்தயம். தேவசகாயம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து, வியாசர்பாடி மச்சான்களையும் அழைத்துவிட்டான். ஓட்டிப் பார்த்தால், திருப்பத்துக்குத் திருப்பம் டயர் சக்கரத்தை விட்டுக் கழன்று வடை மாதிரி உருண்டது.

“மாமு, மச்சானுங்க முன்னால மானம் பூடும்!”

மாமு காரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இன்னாடா இது, எலி ஆபீஸ் போற காரா?”

சிரித்தாரே தவிர, உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, தீக்குச்சியால் பசை தடவி, மரியே சொல்லி, டயரை மாட்டி, பழைய டியூபில் வெட்டிய வளையத்தால் இறுக்கினார். மூன்றாவது சக்கரத்தில் தேவசகாயம், “ஆச்சா மாமு?” என்றான். சுரண்டல். மறுபடி முதல் மரியே.

ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தரையில் பந்தயம். கடைசிச் சுற்றில் ஜப்பான்காரர் கார் முன்னால், நம்முடையது ஒரு முழம் பின்னால். திருப்பத்தில் ‘டப்’பென்று டயர் கழன்றது. நம்முடையது இல்லை, அவருடையது!

மச்சான்கள் விசில் அடிக்க, தேவசகாயம் அரைச் சுற்றில் ஜெயிக்கப் போகிறான். மாமு கயிற்றைத் தாண்டிக் குதித்து, ஓடுகிற நம் காரையே தூக்கிவிட்டார்.

“யோவ்! வுடுய்யா! ஜெயிச்சிகினு கீறேன்யா!”

“நொண்டியாண்ட ஜெயிச்சா அது ஜெயிப்பாடா?”

இடுப்பிலிருந்து சொல்யூஷன் டப்பாவை எடுத்துக்கொண்டு, ஜப்பான்காரரின் காருக்கு டயர் ஒட்டத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் மொத்தமும் கப்சிப். பாஷை தெரியாத ஜப்பான்காரர்கூட எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். ஒட்டி முடிந்ததும் கடைசிச் சுற்றை மறுபடி விட்டார்கள். ஒரு ஜாண் வித்தியாசத்தில் தோற்றோம். அவர் காரில் இன்னொரு டயராவது கழன்றிருக்கக் கூடாதா என்று நானே மாதாவிடம் கேட்டேன்.

ஜப்பான்காரர் சிரித்தபடி கையை நீட்டினார். தேவசகாயம் தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். முகம் கத்தரிக்காய் நிறம். மாமுவைத் திட்ட வாயைத் திறந்தான்.

“வாயத் தொறந்தா பிரிஞ்சிக்கும், நைனா. கம்முனு கெட” என்றார் மாமு. அவன் கையை முன்னால் இழுத்து, ஜப்பான்காரர் கையோடு சேர்த்து, பசை காயாத தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூன்று மரியேயும் சொன்னார். வழக்கத்தைவிட ரொம்ப மெதுவாக.