நேரியல் இயற்கணிதமும் டெல்ஃபினாவின் அட்டையும்

கலம்பா,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள லிகாயா அக்காவுக்கு,

உன் தங்கை ஹெர்மினியா எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். இலோய்லோவில் நீயும் அத்தானும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டிக்கொண்டுதான் கோவிலிலிருந்து வருகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். டெல்ஃபினா அடுத்த தேர்வில் தோற்பதற்கு இன்னொன்று. பாதி எரிந்ததும் பயந்துபோய் ஊதி அணைத்துவிட்டேன். ஆகவே அவள் பாதி தோற்றாலே எனக்குப் போதும்.

டெல்ஃபினாவை உனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக என் பக்கத்து வகுப்பறை ஆசிரியை, என் சின்னவளுக்கு ஞானத்தாய். கணித முதுகலையில் சேர வேண்டுமானால் முதலில் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து நேரியல் இயற்கணிதத்தில் தேறுங்கள் என்று பல்கலைக்கழகத்தில் என்னிடம் சொன்னபோது, நாற்பத்து நான்கு வயதில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே தனியாக உட்காரக் கூச்சப்பட்டு, "துணைக்கு வாடி" என்று நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். துணைக்கு வந்தவள் வகுப்பின் நட்சத்திரமாகிவிட்டாள். சிறு தேர்வு என்று சார் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் என் பக்கம் திரும்பி, "அக்கா, ஒரு கால் தாள் குடுங்கக்கா" என்று கை நீட்டும். ஒருவரும் தாள் கொண்டுவருவதில்லை. என்னுடைய தாள்கட்டு இரண்டு தீர்ந்துபோயிற்று. தேர்வு முடிந்ததும் அதே பிள்ளைகள் விடையைச் சரிபார்க்க அவளைச் சூழ்ந்துகொள்ளும். தாளுக்கு நான், விடைக்கு டெல்ஃபினா.

இதுகூடப் பரவாயில்லை, அக்கா. எங்கள் மக்பனுவா சாருக்கு இருபத்தொன்பது வயது. ஒவ்வொருவருடைய பெயரும் சின்னப் புகைப்படமும் ஒட்டிய அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, ஒன்றை உருவுவார். உருவப்பட்டவர் எழுந்துபோய்ப் பலகையில் கணக்கைப் போட வேண்டும். நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அதற்குத்தான். முதல் நான்கு வாரத்தில் டெல்ஃபினாவின் அட்டை ஐந்து முறை வந்தது. என்னுடையது ஒருமுறைகூட வரவில்லை. எனக்கு விடை தெரிந்த நாட்கள் அவை! அணிகளைப் பெருக்குவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜீப்னி வண்டியில் போகும்போது மடியில் நோட்டை வைத்துக்கொண்டே மூன்று சமன்பாடுகளைத் தீர்த்திருக்கிறேன். ஆனால் எழுந்துபோனது அவள். "அருமை மேடம், இதைவிட அழகா என்னாலயே எழுத முடியாது" என்றார் சார். வந்து உட்கார்ந்தவள் என் காதில், "எனக்கு ஒண்ணுமே புரியலடி, ஏதோ வந்துது" என்றாள். புரிந்தது என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

அந்த வாரம்தான் சார்பின்மை நடத்தினார். ஒரு கூட்டத்தில் உள்ள ஒரு திசையனை மற்றவற்றைக் கூட்டியும் பெருக்கியுமே உண்டாக்கிவிடலாம் என்றால் அது தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. என்னைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

அடுத்து நான் செய்ததை அம்மாவிடம் சொல்லிவிடாதே. "சார், என் படம் பிய்ஞ்சு வருது, ஒட்டிக் குடுத்துடறேன்" என்று அட்டையை வாங்கி, ஒட்டுகிற சாக்கில் ஒரு மூலையை லேசாக மடித்துக் கொடுத்துவிட்டேன். கட்டைக் கலைக்கும்போது விரலில் அது தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். திட்டம் பலித்தது. ஆனால் எனக்குத் தெரிந்த பாடமெல்லாம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

முதல் சனிக்கிழமை: "மேடம், பூஜ்யத் திசையனும் கூட்டத்துல இருந்தா, அவை சார்பற்றவையா?" எனக்குத் தெரியாது. "அது பாவம் சார், யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்றேன். "அது ஒண்ணு இருந்தாலே மொத்தக் கூட்டமும் கெட்டுப்போச்சு மேடம்" என்றார். வகுப்பே சிரித்தது. இரண்டாவது சனிக்கிழமை நான்குக்கு நான்கு அணிக்கோவையை விரிக்கச் சொன்னார். விரித்தேன், விரித்துக்கொண்டே போனேன், கழித்தல் குறி ஒன்றை எங்கோ விட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன், பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அக்கா, பலகை தீந்துபோச்சு, இனி சுவத்துல எழுதுங்க" என்றாள். நேற்று மூன்றாவது. சார் அட்டையைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் மேடமா! கலைச்சுத்தான் எடுத்தேன், சத்தியமா" என்றார். அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார், பாவம். கடைசிவரை விடை வரவில்லை. திரும்பிப் பார்த்தால் டெல்ஃபினா சிரிக்கக்கூட இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் நான் வாங்கிக் கொடுத்த பொரித்த வாழைப்பழச் சுருளைத் தொடவில்லை. என்னோடு ஜீப்னியிலும் ஏறவில்லை. என்னோடு உட்காரவே வெட்கம் போலிருக்கிறது.

போதும் அக்கா. விலகுவதற்குச் செவ்வாய்தான் கடைசி நாள். படிவத்தை நிரப்பி மேசைமேல் வைத்திருக்கிறேன். முதுகலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இனி டெல்ஃபினாவோடு வணக்கம் சொல்வதோடு சரி. அம்மா அங்கே தெரு முழுக்க "என் பொண்ணு இந்த வயசுல யுனிவர்சிட்டிக்குப் போறா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் அன்பு. அம்மாவின் கையை எனக்காக நெற்றியில் ஒற்றிக்கொள். குழந்தை இயேசு உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் தங்கை,
மின்யா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் டெல்ஃபினா வந்தாள். கையில் அதே விலகல் படிவம்.

"நான் நின்னுக்கிறேன் மின்யா. மூணு வாரமா சார் என் பேரையே கூப்பிடல. எப்பப் பாரு நீதான். தப்புத் தப்பா போட்டாலும் அரை மணி நேரம் ஒன் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றாரு. நான் சரியா போட்டப்ப ஒரு 'அருமை'யோட அனுப்பிட்டாரு."

"பொறாமையாடி?" என்றேன்.

"ஆமா. வயிறு எரியுது. போதுமா?"

நாற்பத்து நான்கு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருவருக்கும் வயிறு எரிந்ததில்லை, அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, இரண்டு படிவங்களையும் கிழித்துப் போட்டேன். சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. அட்டையின் மூலையை மடித்ததை டெல்ஃபினாவிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிடுவேன். இன்னும் ஒரே ஒரு வாரம் எரியட்டும்.