சிவப்புக் கோட்டுக்குள் மாமனார்

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியை எழுதினேன். தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த உங்கள் தங்கை, "எங்கப்பா எதிர்வீட்டுல போய் உக்காந்திருக்காரு, இவருக்குச் சுகமாம் சுகம்" என்றதால் அதை அடித்துவிட்டேன். அவள் இப்போது பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போயிருக்கிறாள். திரும்புவதற்குள் உண்மையை எழுதியாக வேண்டும். அங்கே தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். தங்கள் முதுகுவலியைப் பற்றி விசாரிக்காமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம், விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான், எங்கள் நகராட்சியில் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்று புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். பூங்காவில் நடக்கிறவர்கள் காலி பாட்டிலில் இடறி விழாமல் ஒரு சுற்று முடித்ததாகச் சரித்திரம் இல்லை. பூங்காவிலும் அதை ஒட்டிய இடங்களிலும் குடிக்கக் கூடாது, எந்தத் தெருவிலும் திறந்த பாட்டிலை எடுத்துச் செல்லக் கூடாது, எது பொது இடம் என்பது இணைப்பு வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் காட்டப்பட்டிருக்கிறது, கோடும் கோட்டுக்கு உட்பட்ட யாவும் பொது இடமே. விதி அவ்வளவுதான். அதில் "கோடும்" என்ற சொல்லை நுழைத்த மகராசன் யார் என்று தெரியவில்லை. கோட்டைப் போட்டவனைத் தெரியும். நான்தான். மெல்லிய சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது, ஸ்டோர் அறைச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார், நகராட்சித் தலைவரம்மா "அஞ்சு நிமிஷத்துல மேஜைக்கு வரணும்" என்று ஆள் அனுப்பினார், கைக்கு அகப்பட்டது அறிவிப்புப் பலகை எழுதும் தடி மார்க்கர். முப்பத்தொரு வருடம் வரைபடப் பிரிவில் இருந்தவன் கை நடுங்குமா? ஒரே இழுப்பு. அழகான கோடு மச்சான், நாலு மில்லிமீட்டர் அகலம். எங்கள் வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐந்து மீட்டர் என்பது கையெழுத்தெல்லாம் ஆகி, முத்திரை குத்தி, நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆக, இருபது மீட்டர் அகலமுள்ள ஒரு கோடு பூங்காவுக்கு முதுகைக் காட்டி நிற்கும் எங்கள் வரிசை வீடுகள் பதினொன்றின் மேலும் ஏறிப் படுத்திருக்கிறது. நாங்கள் இப்போது பொது இடத்தில் குடித்தனம் நடத்துகிறோம்.

மாமாவின் மாலை ஆறு மணி வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. நீங்கள் அனுப்பி வைக்கும் பாட்டிலிலிருந்து உங்கள் தங்கை தன் கையால் அளந்து ஒரு சின்ன கிளாஸ் ஊற்றித் தருவாள். அவர் பின்பக்க பால்கனியில் பூங்காவைப் பார்த்து உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். இரண்டாவது வாயிலேயே கண் செருகும், மூன்றாவது வாயில் உலக அரசியல் கெட்டுப்போனதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று விளக்குவார், ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். விதி வந்த மறுநாள், பூங்காக் காவலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். மனிதர் தங்கமானவர், ஆனால் எழுதியதை எழுதியபடி படிக்கிறவர்.

"ஐயா, பொது இடத்துல மது அருந்தக் கூடாதுங்க."

"தம்பி, இது என் மக வீட்டு பால்கனி."

"தெரியும்ங்க. ஆனா கோட்டுக்குள்ள வருதே." வரைபடத்தின் நகலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தே காட்டிவிட்டார்.

"எந்த அறிவுகெட்டவன் போட்ட கோடு இது?" என்று மாமா கேட்டது பூங்காவின் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டிருக்கும். நான் பால்கனிக் கதவுக்குப் பின்னால் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே திரும்ப மடித்தேன். "மாப்பிள்ளை, உங்க ஆபீஸ்தானே, யாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். எங்கள் பிரிவில் நாங்கள் மூன்று பேர். "விசாரிச்சுச் சொல்றேன் மாமா" என்று சொன்னேன். இரண்டு வாரமாக விசாரித்துக்கொண்டே இருக்கிறேன்.

அன்று சாயங்காலமே டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்தேன். கூடம் கோட்டுக்குள், படுக்கையறை கோட்டுக்குள், சமையலறை முழுதாகக் கோட்டுக்குள். தெருப்பக்க மூலையில் இருக்கும் குளியலறை மட்டும் ஒன்றேகால் அடி வித்தியாசத்தில் தப்பித்திருக்கிறது. அதனால் மாமா குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கிளாஸ். வேலை முடிந்து வந்த என் மகள் முகம் கழுவத் துண்டோடு வெளியே நின்றாள். உள்ளே இருந்து அவர் உலக அரசியல் பேச, அது ஓடுகளில் மோதி எதிரொலிக்க, இவள் "தாத்தா, ஒரு நாட்டையாவது விட்டுட்டுச் சீக்கிரம் முடிங்க" என்று கெஞ்சினாள். இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் ஷவர் தானாகத் திறந்துகொண்டு உலக அரசியலை நனைத்துவிட்டது.

இது போதாதென்று வீடு பொது இடம் ஆகிவிட்ட செய்தி ஊரில் பரவிவிட்டது. விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டி இரண்டு துப்புரவுப் பணியாளர்கள் கூடத்தைப் பெருக்கிவிட்டுப் போகிறார்கள், அவர்கள் பட்டியலில் எங்கள் கதவு எண் ஏறிவிட்டதாம். சோபாவுக்குப் பக்கத்தில் பச்சை நிறக் குப்பைத்தொட்டி ஒன்றை வைத்து, அதைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். நேற்று நடைக்கு வந்த ஒரு தம்பதி உள்ளே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் போகும்போது, "பராமரிப்பு நல்லாருக்கு, ஆனா புல்லே இல்லையே" என்று குறைப்பட்டார். நான் கொதித்துப்போனேன். உங்கள் தங்கையோ, "கூடத்தைப் பெருக்கிடறாங்கல்ல, வந்தவங்க உக்காந்துட்டுப் போகட்டும் விடுங்க" என்கிறாள். இந்த வீட்டில் நியாயம் பேச எனக்குத் துணை யாரும் இல்லை மச்சான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. தெருவுக்கு எதிர்ச்சாரி வீடுகள் கோட்டுக்கு வெளியே. நேர் எதிர்வீட்டில் இருப்பவர் யார்? விசில்காரர். ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர், கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது, யார் வண்டியைக் கோணலாக நிறுத்தினாலும் ஊதுவார். ஒன்பது வருடத்துக்கு முன் என் ஸ்கூட்டருக்கு ஊதினார், அன்றிலிருந்து அவரும் நானும் பேசுவதில்லை. ஷவர் சம்பவத்துக்கு மறுநாள் மாமா தலையணை, ரேடியோ, மாற்றுச் சட்டை, உங்கள் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, "மரியாதை இருக்கிற வீட்டுக்குப் போறேன்" என்று தெருவில் இறங்கிவிட்டார். பாதித் தெருவில் காவலர் மறித்தார். பை திறந்தது, பாட்டில் மூடி ஏற்கெனவே உடைத்தது, அதாவது விதிப்படி திறந்த பாட்டில். விசில்காரர் வாசலிலிருந்து நீளமாக ஊதிக்கொண்டே ஓடிவந்து, "வயசானவரைப் பிடிச்சு நிறுத்துறது ஃபௌல்" என்று தீர்ப்புச் சொன்னார். காவலர் அசையவில்லை. பாட்டிலைப் பறிமுதல் செய்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் எல்லோரும் பதறிக் கெஞ்சிக்கொண்டிருக்க, உங்கள் தங்கை மட்டும் அதிசயமாக, "அனுப்பட்டுமே, தாராளமா அனுப்பட்டுமே" என்று நின்றாள். அவளுக்கு அதிர்ச்சியில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நகராட்சிக் கூட்ட அறையில் மாமா மேல் விசாரணை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதை வரைந்தவர் நேரில் வந்து "இது நான் போட்ட கோடு" என்று சொல்ல வேண்டுமாம். மாமாவும் விசில்காரரும் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே முதல் வரிசையில் உட்காரப்போவதாகச் சபதம் செய்திருக்கிறார்கள். எனக்குப் பணி ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கிறது. என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன், அது என்ன புதிதா? ஆனால் விஷயம் தெரிந்தால் மாமா இந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க மாட்டார். அவர் போனதிலிருந்து ஆறு மணி ஆனால் வீடு என்னவோ போல இருக்கிறது மச்சான். பால்கனிக்குப் போய் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு வருகிறேன். உலக அரசியலுக்கு நான்தான் பொறுப்பு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது. ஆகவே தாங்கள் திங்கட்கிழமைக்கு முன்னால் எப்படியாவது புறப்பட்டு வந்து, மூத்த பிள்ளை என்ற உரிமையில் அவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லி, அவர் முதல் வரிசையிலிருந்து எழும்போது எனக்கும் அவருக்கும் நடுவில் கொஞ்சம் அகலமாக நின்றுகொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பால் வாசனை நின்றுவிட்டது, உங்கள் தங்கை வருகிறாள்.

பெரியவர்களுக்கு என் பணிவும், சிறியவர்களுக்கு என் ஆசியும், தங்கள் முதுகுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பும்.

தங்கள் நிழலில் ஒதுங்கக் காத்திருக்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அலுவலகப் பைக்குள் வைத்தவன் அங்கேயே மறந்துவிட்டேன். இன்று திங்கட்கிழமை மாலை. தாங்கள் வர வேண்டாம். மேலே எழுதியதில் எதையும் நம்பவும் வேண்டாம்.

விசாரணையில் தலைவரம்மா வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கோட்டைப் போட்டது யாருங்க?" என்று கேட்டார். எழுந்தேன். "நான்தான் அம்மா. பேனா கிடைக்கலன்னு மார்க்கரால போட்டுட்டேன். ரெண்டு வாரமா வீட்டுல சொல்லப் பயந்துட்டு இருந்தேன். மாமா மேல எந்தத் தப்பும் இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தப்பான நாற்காலியில் உட்கார்ந்தேன். அது தலைவரம்மாவின் நாற்காலி. அடுத்த நிமிடம் ஆய்வக அறிக்கையைப் படித்தார்கள். பாட்டிலில் இருந்தது மது இல்லையாம். பால் கலக்காத, சர்க்கரை போடாத டீயாம்.

உங்கள் தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் எச்சரித்த நாளிலிருந்து, ஆறு வருடமாக, அப்பாவுக்குத் தெரியாமல் பாட்டிலில் டீயை நிரப்பி வைத்து, அதைத்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். தாங்கள் அனுப்பிய உயர்ந்த சரக்கில்தான் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அப்படிப் பளபளக்கின்றன. மாமாவுக்கு மூர்ச்சை வந்துவிடுமோ என்று நாங்கள் பிடிக்கப் போனால், அவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "டீக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா எனக்கு நாக்கு செத்துப்போச்சு? மொத நாளே தெரியும். பிள்ளை அவ்வளவு பாடுபட்டு ஏமாத்துறா, நான் தெளிவா இருந்தா மனசு ஒடஞ்சுடுமேன்னு கண்ணைச் செருகிட்டு உக்காந்திருந்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கோடு உங்க கைன்னும் தெரியும் மாப்பிள்ளை. வேற யாராவது பண்ணியிருந்தா அன்னைக்கே பேரு, ஊரு, விலாசத்தோட வந்து சொல்லியிருப்பீங்க. 'விசாரிச்சுச் சொல்றேன்'ன உடனே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் மாமா அந்தக் குளியலறையில ரெண்டு நாள்..."

"நீங்க எப்பதான் வாயைத் திறக்கிறீங்கன்னு பார்த்தேன். நனைஞ்ச பிறகு எனக்கும் கோவம் வந்துடுச்சு."

வழக்கு தள்ளுபடி. கோட்டைத் திருத்தும் தீர்மானமும் தோற்றுவிட்டது, ஏனென்றால் பதினோரு வீட்டுப் பெண்களும் உங்கள் தங்கை தலைமையில் வந்து, கூடம் பெருக்குவதை நிறுத்தக் கூடாது என்று மனுக் கொடுத்துவிட்டார்கள். மாமா சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்கே வீட்டுக்கு வந்துவிட்டார், கூடவே விசில்காரரும். இருவரும் இப்போது பால்கனியில் இரண்டு கிளாஸ் டீயோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உலகம் கெட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று ஒருவர் சொல்ல, மற்றவர் நடுநடுவே விசில் ஊதி ஆமோதிக்கிறார். எனக்குச் சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது மச்சான். தங்களுக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறதோ அப்போது வாருங்கள். கதவைத் தட்ட வேண்டியதில்லை, பொது இடம்தானே.