மறைந்திருக்க முன் அனுமதி

ஊழியர்களிடையே நல்லிணக்கத்தை வளர்க்கும் பொருட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பிற்பகலும் எல்லாக் கிளைகளிலும் ஒரு கூட்டு விளையாட்டு நடத்தப்பட வேண்டும் என்று குடிநீர் இணைப்புத் துறையின் தலைமை அலுவலகம் ஆணையிட்டது. முந்தைய ஆண்டு மூச்சுப் பயிற்சி நடந்தது. அதற்கும் முந்தைய ஆண்டு எல்லோரும் வட்டமாக நின்று காரணமில்லாமல் சிரித்தார்கள். அதில் கணக்கருக்கு விலா பிடித்துக்கொண்டதால் சிரிப்பு கைவிடப்பட்டது.

இந்தக் கிளையில் என்ன விளையாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்.

"மேசைமேல ஆடுற கதை விளையாட்டு ஒண்ணு இருக்கு சார். காலேஜ்ல ஆடியிருக்கேன். நான் கதையை நடத்துவேன். நீங்க ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கணும். என்ன செய்யறீங்கன்னு சொல்லணும். அது பலிக்குதா இல்லையான்னு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தா பலிக்கும்."

"பகடைன்னா சூதாட்டமாச்சே?" என்றார் மேலாளர்.

"இது இருபது முகப் பகடை சார்."

சூதாட்டப் பகடைக்கு ஆறு முகம்தான் என்பதால் மேலாளர் சமாதானமானார்.

கதை இதுதான்: மலைக்கோட்டையைக் கொள்ளைக்கூட்டம் பிடித்துவைத்திருக்கிறது. ஒரு சிறு படை போய் அதை மீட்க வேண்டும். மேலாளர் தளபதி ஆனார். தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம், கையில் வாள். கணக்கர் வைத்தியர். தபால் பிரிவு அக்கா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒளிஞ்சிருந்து தூரத்துலேர்ந்து சுடற ஆள் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றார் வரைபடக்காரர்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் பிரிவு, மாடிப்படிக்குக் கீழே உள்ள சாய்வான அறை. அங்கே வருகிறவர்கள் அக்காவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "இங்க ஆளே இல்லையா?" என்று கத்திவிட்டுப் போவார்கள். அலுவலகத்தில் கண்ணில் படாமல் இருக்க அவர் எந்த முயற்சியும் எடுத்ததில்லை. விளையாட்டில்தான் முதன்முறையாக அதற்கு மதிப்பெண் கிடைத்தது.

முதல் சண்டையில் தளபதி கோட்டை வாசலில் போய் நின்று உரையாற்றத் தொடங்கினார். "கொள்ளையர்களே! இத்தால் உங்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்..."

"நான் பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்" என்றார் அக்கா. பகடையை உருட்டினார். பத்தொன்பது. "சுடறேன்." பதினெட்டு. கொள்ளைக்கூட்டத் தலைவன் சாய்ந்தான்.

"நான் இன்னும் முன்னுரையே முடிக்கலையே" என்றார் மேலாளர்.

மிச்சமிருந்த கொள்ளையர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள். பளபளவென்று இரும்பில். எல்லோரும் சேர்ந்து அவரை மொத்தினார்கள்.

வாராவாரம் இதுவே நடந்தது. அக்கா மரத்தில் இருப்பார், புதரில் இருப்பார், ஒரு தடவை வைக்கோல் வண்டிக்குள் இருந்தார். அங்கிருந்து ஒவ்வொருவனாகச் சாய்ப்பார். அவர்மேல் ஒரு கீறல் கிடையாது. வைத்தியருக்கோ தளபதிக்குக் கட்டுப்போட்டுக் கட்டுப்போட்டுத் துணியே தீர்ந்துபோயிற்று.

"எல்லா அடியும் எனக்கே விழுதே, இது என்ன நியாயம்?" என்று மேலாளர் கேட்டார்.

"நீங்க ஒருத்தர்தான சார் கண்ணுக்குத் தெரியறீங்க" என்றார் வரைபடக்காரர்.

"நான் தெரியறது என் குத்தமா?"

அன்று மாலை மேலாளர் வரைபடக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் கேட்டிருந்த இடமாறுதல் கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொள்ளையர்கள் எல்லோருக்கும் கழுகுப் பார்வை வந்துவிட்டது. அக்கா புதருக்குள் புகுந்த மறுகணம் ஒருவன் திரும்பி, அந்தப் புதரை நோக்கியே சுட்டான்.

"எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?" என்று கேட்டார் அக்கா.

"சும்மா... பார்த்தான்."

"அவன் சுவத்துக்கு அந்தப் பக்கம்ல நிக்கறான்?"

வரைபடக்காரர் மேசைமேல் இருந்த கோட்டை வரைபடத்தை நேராக்கினார். அடுத்த முறை பாறை, அதற்கடுத்த முறை பாழடைந்த கிணறு. எங்கே போனாலும் குண்டு விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததுபோல் அங்கேயே வந்தது. அக்கா சண்டை போடவில்லை. பகடையை மேசையில் வைத்துவிட்டு, "எனக்குத் தபால் ஒட்டற வேலை கொஞ்சம் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

வரைபடக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அவர் மாடிப்படிக்குக் கீழே குனிந்து போய் நின்றார்.

"அக்கா, இன்னைக்கு நான் பண்ணது தப்பு."

"உங்களுக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியும். கொள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியலாம்?" பசையைத் தடவிக்கொண்டே கேட்டார் அக்கா.

"தெரியக்கூடாதுதான். ஆனா நீங்களும் ஒண்ணு ஒத்துக்கணும். சுட்டா சத்தம் வரும், புகை வரும். அதைப் பார்த்தும் அவன் மரம் மாதிரி நின்னுட்டிருந்தா அவன் என்ன கொள்ளைக்காரன்?"

"புகை வராத வெடிமருந்து கிடையாதா?"

"அக்கா!"

"சரி, புகை வரட்டும். நான் இடம் மாறிக்கறேன்."

"மாறுறப்ப எவனாவது பார்த்துட்டா?"

"தேடிப் பார்த்தா மாட்டிக்கறேன். தேடணும். பகடை போட்டுத் தேடணும். சும்மா பார்த்தான்னு சொல்லக்கூடாது."

"அவங்களும் சுவத்துக்குப் பின்னாடி பதுங்குவாங்க. அப்புறம், துப்பாக்கியால ஆகாத வேலையும் வைப்பேன். பூட்டை உடைக்கணும், அடைச்சு வெச்ச ஆளுங்களை வெளிய கூட்டிட்டு வரணும். மத்தவங்களும் வேலை பார்க்கணும்ல?"

"சாரை வெட்டவெளியில நிக்க வைக்காதீங்க, பாவம்" என்றார் அக்கா. "ஒரு குட்டிச்சுவராவது கொடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமைதான் விளையாட்டு விளையாட்டாக நடந்தது. முதல் குண்டு வெடித்ததும் கொள்ளையர்கள் தலையைக் குனிந்து பதுங்கினார்கள். இரண்டு பேர் புகையைப் பார்த்துப் படியேறினார்கள். அக்கா கூரைவழியாகத் தவழ்ந்தார். தளபதி குட்டிச்சுவரைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டை மறித்து நின்றார். அவர் இருக்கும்வரை அக்காவை யாரும் நெருங்க முடியாது. பின்னாலிருந்து ஒருவன் தளபதியின் கழுத்துக்கு வாளை ஓங்கினான்.

"சுடறேன்" என்றார் அக்கா.

"சுடுங்கம்மா! சுடுங்க!" என்று மேலாளர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

பதினேழு. வாள் கீழே விழுந்தது. கணக்கர் பூட்டை உடைத்துச் சிறைப்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தார். கடைசியில் கூரை ஓடு நழுவி அக்கா அகப்பட்டுக்கொண்டார். மாட்டிக்கொண்டதற்கு அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறைக்காரர்கள் சிரிப்புப் பயிற்சி மறுபடி வந்துவிட்டதோ என்று எட்டிப்பார்த்தார்கள். மேலாளர் அக்காவுக்குத் தன் கையால் தேநீர் எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாக நடந்துவிட்டது. ஒரு அலுவலகத்தில் ஏதாவது நன்றாக நடந்தால் அதை அப்படியே விட்டுவிட முடியாது. அதற்கு விதிமுறை வேண்டும்.

மேலாளர் வார இறுதி முழுவதும் உட்கார்ந்து 'மறைந்திருத்தல் நெறிமுறைகள்' எழுதினார். மறைந்திருக்க விரும்புவோர் மறையும் இடம், நோக்கம், உத்தேசக் காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன் அனுமதி பெற வேண்டும். மறைந்திருப்பவரைக் காண விழைவோருக்கு நியாயமான வாய்ப்பாகப் பகடை வழங்கப்பட வேண்டும். விளையாட்டு என்ற சொல் அலுவலகத் தாளில் கௌரவமாக இல்லை என்பதால் அதை எல்லா இடத்திலும் அடித்துவிட்டார். கொள்ளையர் என்ற சொல்லும் உறுத்தியது. 'எதிர்த்தரப்பினர்' என்று மாற்றினார்.

"அனுமதி கேட்டா அதோட நகல் எதிர்த்தரப்புக்குப் போகணும்னு போட்டிருக்கே சார்?" என்றார் வரைபடக்காரர்.

"தகவலுக்காக மட்டும்தான்."

"நான் எந்தப் புதர்ல இருக்கேன்னு அவங்களுக்குக் கடுதாசி போட்டுட்டு ஒளியணுமா?" என்றார் அக்கா.

"அவங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னா தாராளமா ஒளியலாம்மா."

அன்று அக்கா ஒரு பாறைக்கு விண்ணப்பித்தார். பாறை தளபதியின் எல்லைக்குள் வருகிறதா, வைத்தியரின் எல்லைக்குள் வருகிறதா என்று முடிவாவதற்குள் பொழுது போய்விட்டது.

"பார்த்தீங்களா, இன்னைக்கு ஒரு உயிர்ச்சேதம்கூட இல்ல!" என்று மேலாளர் மகிழ்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நல்லிணக்கம் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். மேலாளர் நெறிமுறைகளை நீட்டினார். அதிகாரி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இத்தனை வருஷமா இதுக்கு ஒரு ஒழுங்குமுறை இல்லாமத்தான் தவிச்சுட்டிருந்தோம்" என்றார் தழுதழுத்த குரலில்.

"சார், அது வந்து விளையாட்டுக்காக..." என்று வரைபடக்காரர் வாயெடுத்தார்.

"விளையாட்டா எடுத்துக்கற விஷயமா இது?" என்று அதிகாரி அதட்டினார். மேலாளர் தலையாட்டினார்.

மறுமாதம் எல்லாக் கிளைகளுக்கும் ஆணை வந்தது. 'இதுவரை அனுமதியின்றி மறைந்திருந்துவந்த அலுவலர்கள், இனி இந்நெறிமுறைகளின்படி முறையாக மறைந்திருக்கலாம். எதிர்த்தரப்பினர் என்பது பொதுமக்களைக் குறிக்கும்.'

நெறிமுறைகளை எழுதியவர் என்ற முறையில் மேலாளருக்குப் பெரிய பீரோவுக்குப் பின்னால் இடம் ஒதுக்கப்பட்டது. விசிறி வைத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. கணக்கருக்குக் கிடங்கு. வரைபடக்காரரின் இடமாறுதல் கோப்பை மேலாளர் ஒருவழியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். புது ஊரில் அவருக்கு மறைவிடம் ஒதுக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. தபால் பிரிவு அக்காவும் விண்ணப்பித்தார். மறைந்திருப்பதற்கான தகுதிநிலை அவருக்கு இல்லை என்று நிராகரித்து, மக்கள் நேரடியாக அணுகக்கூடிய ஒரே ஊழியர் என்று வாசலுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு உட்காரவைத்தார்கள்.

வாசலில் ஒரு தட்டும் பகடையும் வைக்கப்பட்டன. பத்துக்கு மேல் விழுந்தால் கணக்கரைப் பார்க்கலாம். இருபது விழுந்தால் மேலாளரையே பார்க்கலாம்.

மக்கள் கொதித்துப்போய்விடுவார்கள் என்று வரைபடக்காரர் எதிர்பார்த்தார். மக்கள் வரிசையில் நின்றார்கள். முன்னே நின்றவர் பகடையை உருட்டாமல் வைத்துவிட்டார் என்று பின்னே நின்றவர் சண்டை பிடித்தார். பகடையை எந்தக் கையால் போட்டால் நல்லது என்று ஒரு தையல்காரர் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவரைச் சுற்றி இன்னொரு கூட்டம்.

ஒருநாள் ஒரு தச்சருக்கு இருபது விழுந்தது. வரிசையே ஆரவாரம் செய்தது. உள்ளே போன அவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"மேலாளரைப் பார்த்தீங்களா?" என்று வரிசையில் நின்றவர்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"பார்த்தேனே! பீரோவுக்குப் பின்னாடி, விசிறி போட்டுக்கிட்டு... நல்லா இருக்காரு."

"குழாய் இணைப்பு?"

"அடுத்த வாரம் வரச் சொன்னாரு" என்றார் தச்சர் பெருமையாக. பக்கத்திலிருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்காக ஒரு தடவை உருட்டித் தாங்க என்று ஓர் அம்மா கெஞ்சினாள்.

வாசல் மேசையிலிருந்து அக்கா கூப்பிட்டார். "அண்ணே, விண்ணப்பத்தை இங்க கொடுங்க. முத்திரை போட்டு இப்பவே அனுப்பிடறேன். நாளைக்கே ஆள் வந்து குழாய் போட்டுடுவாங்க."

தச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அதில் முத்திரை இருந்தது, பசை இருந்தது.

"பகடை எங்கம்மா?"

"இங்க பகடை கிடையாது அண்ணே."

"பகடையே போடாமக் குழாயா?" தச்சர் விண்ணப்பத்தைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வரிசையின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "யாரும் அந்தப் பக்கம் போயிடாதீங்க. ஏதோ ஏமாத்து வேலை."