விசாவின் நான்கு மூலைகளிலும் மஞ்சள்

வெளிநாடு போகப் போகிறவனுக்கு ஒரு வியாதி வரும். விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே சொந்த வீட்டில் இருப்பதெல்லாம் அவனுக்கு அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். எனக்கு அது முற்றிப்போய் வந்தது.

அப்போது பொத்தேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். என் வகுப்பில் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. (அதற்காக எத்தனை பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பிக் கெஞ்சினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.) அங்கே நல்ல பெயர் எடுத்தால் அப்படியே மேல்படிப்பு, பிறகு வேலை, எங்கள் ஊரான பெருங்களத்தூர் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மின்சார ரயிலில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த பெரியவருக்கு ஜெர்மன் மொழியில் "டாங்கே" என்று நன்றி சொன்ன ஜென்மம் நான்.

அம்மா பருப்புப் பொடி அரைத்தால், "வாசனை வரும்மா, வேணாம்" என்பேன். நாரத்தங்காய் ஊறுகாயைப் பெட்டியில் வைத்தால் எடுத்து வெளியே வைப்பேன். அவள் மறுபடியும் துணிகளுக்கு அடியில் செருகுவாள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, விசா ஒட்டிய பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமி அறைக்குப் போகும். மூலைகளில் மஞ்சள், நடுவில் குங்குமம். கேஸ் அடுப்புக்கும் அதே மரியாதை, என் ஹால் டிக்கெட்டுக்கும் அதே மரியாதை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா விசா பக்கத்தைத் தேடிப் பிடித்து, அந்த ஸ்டிக்கரின் நான்கு ஓரத்திலும் மிளகளவு மஞ்சள் வைத்துவிட்டாள். குங்குமம் மட்டும் வைக்கவில்லை. நடுவில் எழுத்து இருக்கிறதே என்று விட்டுவிட்டாளாம்.

"அம்மா! ஜெர்மன் ஆபீசர் இதைப் பார்த்தா என்னை மந்திரவாதின்னு நினைப்பான்!"

"நினைச்சுட்டுப் போறான். எழுத்து மேல படாமத்தாண்டா வெச்சேன். நீ நல்லபடியா போய்ட்டு வரணும்ல?"

அவள் சொன்னது உண்மை. மஞ்சள் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மஞ்சளை எடுக்க உட்கார்ந்தேன். ரப்பரால் தேய்த்தேன், போகவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன், இன்னும் கொஞ்சம் பரவியது. அப்போதுதான் அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவர் ஞாபகம் வந்தது. (நெயில் பாலிஷ் என்றாலே அப்பா குதிப்பார் என்பதால், அலமாரியில் சுடிதார்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.) பஞ்சில் நனைத்து முதல் மூலையில் வைத்தேன். மஞ்சள் பளிச்சென்று போய்விட்டது. மூன்று வருடம் பொறியியல் படித்தது வீண்போகவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது மூலையும் சுத்தமாகிவிட்டது. மூன்றாவதில் பஞ்சு கொஞ்சம் அதிகமாக நனைந்துவிட்டது. கீழே இரண்டு வரியாக இருந்த எழுத்துகள் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பதறிப்போய் மேலே ஒரு இழுப்பு இழுத்தேன். ஸ்டிக்கரில் அச்சாகியிருந்த என் போட்டோவில் தாடை காணாமல் போய்விட்டது.

ஊதிப் பார்த்தேன். ஃபேனைக் கூட்டி வைத்தேன். தாடை திரும்பி வரவில்லை. கடைசியில், இவ்வளவு சின்னதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டி, பாஸ்போர்ட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள். வெள்ளிக்கிழமை என்பதால் பல்லாவரத்தில் சந்தைக் கூட்டம். அப்பா டிரைவர் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். விமான நிலைய வாசலில் அம்மா நெற்றியில் விபூதி பூசினாள். உள்ளே போய்ச் சேர்வதற்கு முன்பே அதைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் விசா பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் லேசாகச் சுரண்டினாள். பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் ஒரு லென்ஸோடு வந்தார்.

"தம்பி, இதுல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"பாதி மூஞ்சியைக் காணோமே! விசாவைத் திருத்தின மாதிரி இருக்கு. இதோட ஏத்தினா, அங்க இறங்கின உடனே திருப்பி அனுப்பிடுவாங்க. போலீஸ் கேஸ்கூட ஆகும். பேசாம வீட்டுக்குப் போங்க."

கெஞ்சினேன். அழுதேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பக்கத்து வரிசைக்கு மாறிக்கொண்டார்கள்.

டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாரும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றிருந்தார்கள். விமானம் கிளம்பும்வரை நகர மாட்டார்கள், அது எங்கள் குடும்ப வழக்கம். என்னை முதலில் பார்த்தது அம்மாதான். இன்னொரு தடவை டாட்டா காட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

"என்னடா, எதையாவது மறந்துட்டியா?" என்றார் அப்பா.

"விசால மஞ்சள் பட்டிருக்கு. ஏத்த மாட்டேன்னுட்டாங்க."

என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"உன்னை யாருடி கேட்டா? எதைப் பார்த்தாலும் மஞ்சளைத் தேய்ச்சுகிட்டு! புள்ள வாழ்க்கையவே தேய்ச்சுட்டியே!"

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அம்மா தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மீதியைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. பெரியம்மா நீட்டிய பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

புது விசாவுக்கு நேரம் கிடைப்பதற்குள் ஆய்வகம் என் இடத்தை வேறொரு மாணவனுக்குக் கொடுத்துவிட்டது. வாழ்த்துகளோடு மெயில் வந்தது. அப்பா ஒரு மாதம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டு பைக் பொட்டு இல்லாமல் நின்றது. பிறகு எப்போதோ அம்மாவே அதை ஜோக்காக்கிவிட்டாள். யார் வந்தாலும், "ஜெர்மனியவே மஞ்சள் தடவிக் கவுத்தவ நான்" என்பாள். மற்றவர்கள் ஆரம்பிப்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அதில் இருந்தது. நானும் கூடச் சிரிப்பேன்.

ஏழு வருடம் இப்படியே ஓடியது. போன வருடம் என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்க வேண்டியவள் அம்மா. அவளோ கிண்ணத்தைப் பெரியம்மா பக்கம் தள்ளினாள்.

"நீங்க வைங்கக்கா. என் கைராசிதான் ஊருக்கே தெரியுமே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. என்னால் முடியவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, ரிமூவர், கலங்கிய எழுத்து, காணாமல் போன தாடை, ஒன்று விடாமல்.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களாக்கா எம்புள்ளைய? எனக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறான்!"

"அம்மா, சத்தியமா! அக்கா, நீ சொல்லு, உன் ரிமூவர்தானே?"

அக்காவின் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நான் எப்படா அதெல்லாம் போட்டேன்?" என்றாள் அக்கா. அப்பா என் முதுகைத் தட்டிக்கொடுத்து, அம்மாவிடம், "நல்லாத்தான் வளர்த்திருக்க" என்றார். பெரியம்மா மஞ்சளைக் குழைத்துப் பத்திரிகைக்கு வைத்தார்.

இப்போது அந்தக் கதை இன்னும் நீண்டுவிட்டது. என் மனைவி வீட்டார் வந்தாலும் அம்மாதான் சொல்கிறாள். அவள் மஞ்சள் வைத்தது, நான் திரும்பி வந்தது, அப்பா கத்தியது, எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னைப் பெருமையாகப் பார்க்கிறாள். "எனக்காக எப்படிக் கதை கட்டினான் தெரியுமா? நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் தேய்ச்சானாம், தாடையே அழிஞ்சு போச்சாம்!"

எல்லாரும் அதிகமாகச் சிரிப்பது அந்த இடத்தில்தான்.